கையில் கொஞ்சம் பணம், நல்ல கிளாரினெட்

பழைய கிளாரினெட் விற்பவர் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது பளபளப்புதான். துளைகளைத் திறந்து மூடும் உலோகக் கீகள் மின்னும். மரத்தில் புதிதாக எண்ணெய் பூசியிருக்கும். அதில் மயங்கி உடனே பேரம் பேசத் தொடங்கினால் பணம் போச்சு. துணியும் பாலிஷும் கொடுக்கிற அழகுக்கு விலை வைக்காதீர்கள். கைப்பணம் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு குறையைப் பார்த்தும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை மாற்ற முடியுமா, முடியாதா?

பேட் (கீயின் அடியில் துளையை அடைக்கும் மெத்தை), கார்க், ஸ்ப்ரிங், ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் சீவல்), அதை மவுத்பீஸில் பிடித்து வைக்கும் லிகேச்சர் எல்லாம் தேய்ந்து போகிற பொருள்கள். வாயில் வைக்கும் மவுத்பீஸும், அதற்கும் மேல் துண்டுக்கும் நடுவில் வரும் குட்டைக் குழாயான பேரலும்கூட தனியாகக் கிடைக்கும். பேட் அத்தனையும் கிழிந்து தொங்கினாலும் கைதேர்ந்த ரிப்பேர்காரர் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடுவார். மாற்ற முடியாதவை வேறு: உள்துளையின் அளவு, விரல் துளைகள் இருக்கும் இடம், அவற்றின் விளிம்பு, கீகளின் உலோகம், மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஒன்றில் ஒன்று சொருகும் முனை. இவை சரியாக இருந்தால், பார்க்க அவலட்சணமான கருவியைக்கூடத் தைரியமாக வாங்கலாம். இவற்றில் ஒன்று கெட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பணத்தையும் இந்தக் கணக்கிலேயே பிரியுங்கள். நூறு ரூபாய் இருந்தால் 55 கருவிக்கு, 25 ரிப்பேருக்கு, 20 மவுத்பீஸுக்கும் ரீடுக்கும். முழுப் பணத்தையும் கருவியில் போட்டுவிட்டு, ஓட்டை பேடும் மழுங்கிய மவுத்பீஸுமாக வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள், கிளாரினெட் தனக்கு வராது என்று சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். குற்றம் பிள்ளையிடம் இல்லை, காற்றுக் கசிவில் இருக்கிறது.

எந்த சுருதி, எந்த முறை, எந்தக் காலத்துக் கருவி

வாங்க வேண்டியது பி ஃப்ளாட் கிளாரினெட். நம் கணக்கில் அதன் அடிப்படை ஆறரைக் கட்டை. சந்தையில் ஏ, சி, இ ஃப்ளாட் கருவிகளும் திரியும். இ ஃப்ளாட் குட்டையாக இருப்பதால் உடனே தெரிந்துவிடும். ஏ கருவி பி ஃப்ளாட்டைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் நீளம். பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்காவிட்டால் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே டேப் கொண்டு போங்கள். மவுத்பீஸைக் கழற்றிவிட்டு, பேரலின் மேல் விளிம்பிலிருந்து, விரிந்த கடைசிப் பாகமான பெல்லின் அடி வரை அளந்தால் இன்றைய சுருதியில் உள்ள பி ஃப்ளாட் 59 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வரும்.

டேப் காட்டிக்கொடுக்கும் இன்னொரு ஆபத்து பழைய ஹை பிட்ச் கருவி. பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் இறுதி வரை ஏ ஸ்வரத்தை ஏறக்குறைய 452 ஹெர்ட்ஸில் வைத்து வாசித்தன. 440 என்பது உலக வழக்கானது 1939இல் லண்டனில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான். இரண்டுக்கும் இடைவெளி அரைக் கட்டையில் கிட்டத்தட்டப் பாதி. அந்தக் காலத்துக் கருவிகள் உடம்பில் 'எச்.பி.' என்ற முத்திரையுடன், சில சமயம் அதுவும் இல்லாமல், இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நீளத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறையும். பேரலைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று விற்பவர் சொல்வார். முடியாது. பேரலை இழுத்தால் மேலே உள்ள ஸ்வரங்கள் அதிகமாகவும் கீழே உள்ளவை குறைவாகவும் இறங்கும். துளைகளின் இடைவெளியே வேறு சுருதிக்கு வெட்டப்பட்டது என்பதால் ஒரு ஸ்வரம் சேர்ந்தால் அடுத்தது விலகும். கண்ணாடி அலமாரியில் வைக்க அழகான பொருள், அவ்வளவுதான்.

அடுத்தது விரல் முறை. இன்று பள்ளிகளிலும் ஆர்கெஸ்ட்ராக்களிலும் புழங்குவது போம் முறை. 1839க்கும் 1843க்கும் இடையில் பாரிஸில் க்ளோஸே என்ற கலைஞரும் லூயி ஆகுஸ்த் பஃபே என்ற கருவி செய்பவரும் சேர்ந்து உருவாக்கியது. 17 கீ, 6 வளையம். பின்பக்கம் கட்டைவிரல் துளையைச் சுற்றி வளையம் இருக்கிறதா, வலக்கைச் சுண்டுவிரலுக்கு நான்கு கீகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் போம். சுண்டுவிரலுக்கு இரண்டே கீகளும் அவற்றில் உருளும் குச்சிகளும் இருந்தால் அது ஆல்பர்ட் என்கிற பழைய முறை.

மேற்கத்திய இசை படிக்கப் போகிறவர் ஆல்பர்ட் முறையை வாங்கக் கூடாது. புத்தகங்கள் போம் முறைக்கே எழுதப்பட்டவை. கர்நாடக இசைக்குப் போகிறவருக்கு விஷயம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. கமகத்துக்கு விரலைத் துளையின்மேல் வழுக்கித் திறக்க வேண்டும். வளையம் குறைந்த பழைய முறை அதற்கு இடம் கொடுக்கும். நாதஸ்வரத்துக்கு நிகராக கிளாரினெட்டைக் கச்சேரி மேடையில் முதன்மைக் கருவியாக நிறுத்திய ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த வழியில் படிக்க விரும்புகிறவர், தன் ஆசிரியர் கையில் எந்த முறை இருக்கிறதோ அதையே தேட வேண்டும். கடைக்குப் போகும் முன் ஆசிரியரிடம் கேட்பதுதான் இந்த வாங்குதலில் செலவில்லாத பாதுகாப்பு.

மரமா, பிளாஸ்டிக்கா

மரம்தான் உயர்ந்தது, பிளாஸ்டிக் பொம்மை என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. குறைந்த பணத்தில் வாங்குகிறவருக்கு இந்த எண்ணம் நஷ்டம். நல்ல தொழிற்சாலையில் துல்லியமாகத் துளையிட்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக் கருவி, பெயர் தெரியாத மரக் கருவியைவிடச் சுருதி சுத்தமாகப் பேசும். ஏசி அறையிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து மழைக்கும் போகிற நம் ஊர் வாழ்க்கையில் வெடிக்காமலும் இருக்கும். யமஹாவின் ஒய்சிஎல்-26, 250, 255, பஃபே பி12, அமெரிக்காவின் எல்க்ஹார்ட்டில் செய்த செல்மர் பண்டி, கெனோஷாவில் செய்த விட்டோ ஆகியவை இந்த வகையில் தேடத் தகுந்தவை. இவற்றில் யமஹாவை முதலில் தேடுங்கள். சுருதி ஒழுங்கு நன்றாக இருக்கும், உதிரி பாகமும் கிடைக்கும்.

மரத்தில் போக வேண்டுமென்றால் நோப்லே, நார்மண்டி, எவெட், பஃபே இ11, செல்மர் சிக்னெட் போன்ற நடுத்தர வகைகளைப் பாருங்கள். பலர் கனவு காணும் பஃபே ஆர்13 1955இல் வந்தது, தொழில்முறைக் கருவி. அது மலிவாகக் கிடைத்தால் மகிழ்வதற்கு முன், மேல் துண்டிலும் கீழ்த் துண்டிலும் தொடர் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு உடைந்த கருவிகளின் நல்ல பாதிகளைச் சேர்த்து விற்பது உண்டு. பாதிகள் தனித்தனியே நல்லவையாக இருந்தும் சேர்ந்தால் சுருதி ஒத்துப் போகாது.

நல்ல மரக் கிளாரினெட்கள் பெரும்பாலும் கிரெனடில்லாவில் செய்யப்படுபவை. டான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளரும் மரம். கடைகளில் கருங்காலி என்பார்கள், ஆனால் இது நம் ஈட்டி மரத்தின் இனம். கருவி மரமா என்று அறிய பெல்லின் உள்புறத்தைப் பாருங்கள். பாலிஷ் குறைவான அந்த இடத்தில் மர ரேகை தெரியும். பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில், துணியால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை அடித்தால் அது எபோனைட் என்கிற கெட்டி ரப்பர். வெயிலில் நிறம் மங்குவதை வைத்து அதை மரம் என்று நினைத்துவிடுவது எளிது. எபோனைட் மோசமான பொருள் இல்லை. கீழே விழுந்தால் உடையும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

சிவப்பு, நீலம், ரோஜா நிறங்களில் வரும் மலிவுக் கருவிகளை, புதிதானாலும் பழையதானாலும், தொட வேண்டாம். அவற்றில் பல கீகள் மென்மையான வார்ப்பு உலோகம். வளைந்த கீயை ரிப்பேர்காரர் நிமிர்த்தப் பார்த்தால் பிஸ்கட்டைப் போல ஒடியும். நல்ல கருவியின் கீ நிக்கல் சில்வர். வளைந்தாலும் நிமிர்த்தலாம், முறிந்தாலும் பற்றவைக்கலாம்.

விரிசலைத் தேடும் விதம்

சின்ன டார்ச், சொந்த மவுத்பீஸ், இரண்டு ரீட், சிகரெட் தாள், கார்க் கிரீஸ், போனில் சுருதி காட்டும் ஒரு டியூனர். இவ்வளவு கையில் இருந்தால் போதும்.

மரக் கருவியானால் ஐந்து பாகங்களையும் கழற்றி மேசையில் வையுங்கள். மேல் துண்டை எடுத்து, டார்ச்சை நேராகப் பிடிக்காமல் உடம்போடு படுத்தவாக்கில் அடியுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் பள்ளம் நிழல் காட்டும். விரிசல் பெரும்பாலும் மேல் துண்டின் உச்சியில் தொடங்கி, பக்கத்தில் உள்ள ட்ரில் கீ (இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்க உதவும் கீ) துளைகளை நோக்கி ஓடும். வாசிக்கும்போது சூடான ஈரக் காற்று முதலில் தாக்குவது அந்த இடத்தைத்தான். உள்புறம் ஈரத்தில் விரிந்து வெளிப்புறம் காய்ந்து சுருங்கியே இருந்தால் மரம் வெடிக்கிறது. மர ரேகைக்குக் குறுக்கே போகும் கோடு வெறும் கீறல். ரேகையோடு சேர்ந்து ஓடி ஏதாவது ஒரு துளைக்குள் போய் முடியும் கோடு விரிசல். நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள், தட்டுப்படும். பிறகு டார்ச்சைக் கீழ்முனையில் வைத்து மேல்முனை வழியாக உள்ளே பாருங்கள். வெளியே பசையும் கருப்புத் தூளும் வைத்து மறைத்த விரிசல் சில சமயம் உள்ளே பிடிபடும்.

விரிசல் என்றாலே ஓட வேண்டாம். பேரலில் இருந்தால் வேறு பேரல் வாங்கிக்கொள்ளலாம், பெல்லில் இருந்தால் ஒலிக்குப் பெரிய கேடில்லை. மேல் துண்டில் இருந்த விரிசலை முறையாகக் குறுக்கே உலோகப் பின் இறக்கி, பசை நிரப்பி, விளிம்பைச் சமன்செய்து வருடக் கணக்கில் அசையாமல் வாசித்துவந்திருந்தால் அது பேரத்துக்கு உதவும் குறை. விரிசல் ஒரு பேடின் கீழே உள்ள விளிம்பை வெட்டிக்கொண்டு போயிருந்தாலும், சொருகு முனையில் மரமே பெயர்ந்திருந்தாலும் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள். அந்த வேலைகளைச் செய்பவர் குறைவு, செய்தால் ஆகும் கூலி கருவியின் விலையைத் தாண்டும்.

பேரலிலும் பெல்லிலும் உள்ள உலோக வளையங்கள் கையால் சுற்றினால் சுழல்கின்றனவா? மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். கீகளைத் தாங்கும் தூண்களும் அசைந்தால் அந்தக் கருவி வெகுகாலம் வாசிக்கப்படாமல் கிடந்தது. வளையத்தை இறுக்கலாம். ஆனால் அப்படிக் காய்ந்த மரத்தில் திடீரென்று தினமும் ஒரு மணி நேரம் ஊதினால் புது விரிசல் வரும் வாய்ப்பு அதிகம். விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உறிஞ்சிப் பார்த்தல்

ஊதிப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. கிளாரினெட்டே வாசிக்கத் தெரியாதவரும் செய்யலாம்.

மேல் துண்டை மட்டும் எடுங்கள். இடக்கையின் மூன்று விரல்களால் முன்துளைகளையும் கட்டைவிரலால் பின்துளையையும் மூடுங்கள். வலக்கை உள்ளங்கையால் கீழ்முனையை அடைத்துக்கொள்ளுங்கள். மேல்முனையில் உதட்டை வைத்து காற்றை உறிஞ்சுங்கள். நல்ல நிலையில் உள்ள கருவியானால் உதடு ஒட்டிக்கொள்ளும், ஐந்து விநாடி அப்படியே நிற்கும், உள்ளங்கையை எடுத்ததும் 'டப்' என்று விடுபடும். உறிஞ்ச உறிஞ்சக் காற்று வந்துகொண்டே இருந்தால் கசிவு. கீழ்த் துண்டில் வலக்கை மூன்று விரலும் துளைகளில், வலக்கைச் சுண்டுவிரல் கீழ் இ (கருவியின் மிகத் தாழ்ந்த ஸ்வரம்) கீயை அழுத்தியபடி. அந்தக் கீ எஃப் பேடையும் சேர்த்து மூடும். பெல் பக்க முனையை இடக்கை உள்ளங்கையால் அடையுங்கள். கை போதாவிட்டால் தொடையில் வைத்து அழுத்திக்கொள்ளலாம்.

கசிவு எங்கே என்று அறியச் சிகரெட் தாளை அரை சென்டிமீட்டர் அகல நாடாவாக வெட்டுங்கள். பேடின் கீழே வைத்து, மூடி, மெல்ல இழுங்கள். பேடின் நான்கு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கினால் பேட் சாய்ந்திருக்கிறது. கீழ்த் துண்டில் இ, எஃப் பேட்கள் இரண்டும் ஒரே சமயத்தில் மூட வேண்டும். ஒன்று மயிரிழை முந்தினாலும் கீழ் ஸ்வரங்கள் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்க்கும் காக்காக்கால் போன்ற துண்டு வளைந்திருக்கும், அல்லது அதன்மேல் ஒட்டிய கார்க் விழுந்திருக்கும். சில நிமிட வேலை. அதை அறியாமல் கருவியே கெட்டது என்று தூக்கி எறிபவர்களும் உண்டு.

இங்கேதான் முதலில் கேட்ட கேள்வி வேலை செய்கிறது. பேடின் தோல் பழுத்துக் கிழிந்ததால் கசிவா? பேட் போட்டால் தீரும். பேடைத் தூக்கி, துளையின் விளிம்பைப் பல்குத்தும் குச்சியின் முனையால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். விளிம்பில் சிராய் பெயர்ந்திருந்தால் எத்தனை புதுப் பேட் போட்டாலும் அந்த இடத்தில் காற்று போகும்.

ஊதிப் பார்க்கும்போது

இரண்டு துண்டுகளையும் சேர்க்கும்போது மேல் துண்டின் வளையங்களை அழுத்திக்கொண்டு சேருங்கள். இரண்டு துண்டுகளின் கீகளையும் இணைக்கும் பாலக் கீ அப்போதுதான் மோதாது. இதைத் தெரியாமல் சேர்த்துச் சேர்த்து பாலத்தை வளைத்துவிட்ட கருவிகள் நிறைய. சோதிக்க, கட்டைவிரலுடன் இரு கை ஆள்காட்டி விரல்களை மட்டும் மூடி வாசியுங்கள். ஒலி மங்கினால் பாலம் சரியில்லை. நிக்கல் சில்வரானால் நிமிர்த்திவிடலாம்.

பிறகு மேலிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு இறங்குங்கள். ஒலி எந்த ஸ்வரத்தில் அடைக்கத் தொடங்குகிறதோ, கசிவு பெரும்பாலும் அந்த இடத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். கீழ் இ வரை மென்மையாக ஊதியே வர வேண்டும். பலமாக ஊதினால் சிறு கசிவை மூச்சு மறைத்துவிடும். கீழ் இ பேசியதும் விரல் எதையும் மாற்றாமல், பின்பக்கம் கட்டைவிரலுக்கு மேலே உள்ள ரெஜிஸ்டர் கீயை மட்டும் திறந்தால் மேலே பி எழும்ப வேண்டும். இது தடையில்லாமல் வந்தால் கருவியின் பெரும்பகுதி ஆரோக்கியம். நடுவில் வரும் தொண்டை பி ஃப்ளாட் புகைந்த மாதிரிக் கேட்கும். நல்ல கருவிகளிலும் அப்படித்தான், அதற்காகக் குறை சொல்ல வேண்டாம்.

டியூனரைப் பார்க்கும்போது வெயிலை நினைவில் வையுங்கள். சூட்டில் கருவியின் சுருதி ஏறும். சென்னையில் மே மாத மத்தியானம் 440ஐத் தாண்டி முள் நிற்பது இயல்பு, பேரலை ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் இறங்கும். அந்த வெயிலிலும் பேரலை முழுக்க உள்ளே தள்ளியும் சுருதி குறைவாகவே நின்றால்தான் கவலை. பேரலையே யாரோ மாற்றியிருக்கலாம். பி ஃப்ளாட் கருவிக்குப் பேரல் வழக்கமாக 64 முதல் 67 மில்லிமீட்டர். அளந்து பாருங்கள்.

பெட்டியோடு வரும் மவுத்பீஸை நம்பாதீர்கள். முனை ஓரம் சிறிது சிதைந்திருந்தாலும் கீச்சிடும். ரீட் படியும் தளத்தைக் கண்ணாடியின்மேல் வைத்தால் ஆடக் கூடாது. தொடங்குகிறவருக்கு யமஹா 4சி போதும். கூடுதல் பணம் இருந்தால் வாண்டோரன் 5ஆர்வி லைர் நல்ல தேர்வு. பலர் சொல்லும் வாண்டோரன் பி45இன் வாய்த்திறப்பு (ரீட் முனைக்கும் மவுத்பீஸ் முனைக்கும் உள்ள இடைவெளி) 1.195 மில்லிமீட்டர், அதற்குக் கொஞ்சம் பழகிய உதடு வேண்டும். ரீட் 2 அல்லது 2.5 எண்ணில் தொடங்குங்கள்; எண் கூடினால் ரீட் கெட்டி. பூசி அண்ட் ஹாக்ஸ் நிறுவனத்தின் 1010 என்ற, உள்துளை பெரிதான பழைய கருவி கைக்கு வந்தால் கவனம்: அதன் உள்துளை 15.2 மில்லிமீட்டர், சாதாரண மவுத்பீஸ் வைத்தால் சுருதி சேராது. அதற்குரிய மவுத்பீஸும் கூடவே கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

நேரில் பார்க்க முடியாமல் ஆன்லைனில் வாங்குகிறவர், கழற்றிய துண்டுகளின் படம், சொருகு முனைகளின் படம், இரண்டு தொடர் எண்களின் படம், மேல் துண்டின் உள்ளே டார்ச் அடித்த படம், கீழ் இ முதல் மேலே வரை நிறுத்தாமல் ஊதிய வீடியோ ஆகியவற்றைக் கேளுங்கள். 'தாத்தா வைத்திருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது' என்று வரும் கருவியில் பேட் எல்லாம் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் சுங்க வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிரெனடில்லா மரம் 2017 ஜனவரியில், நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதி தேவைப்படும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்ததால் இசைக்கருவிகளும் சிக்கின. 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு.

வாங்கிய மரக் கருவியை முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம். ஒவ்வொரு முறையும் உள்ளே துணி இழுத்து ஈரத்தை எடுத்துவிடுங்கள். பூஞ்சை வாடை அடிக்கும் பெட்டியைக் காலியாக்கி வெயிலில் வைக்கலாம், கருவியை வைக்கக் கூடாது. நிறுத்திய காரிலும் விட வேண்டாம். பேடை ஒட்டியிருக்கும் பசை உருகி, பேட் கிண்ணத்திலிருந்து நழுவிவிடும். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் பேடில் இறங்கினால் அந்தத் தோல் துளையில் ஒட்டிக் கிழியும், புதிதாகப் பேட் போட்ட கூலி வீணாகும். வாசித்து முடித்ததும் ஈரமான பேடின் கீழே ஒரு சிகரெட் தாளை வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தாலே போதும்.